சன்னத்தை முதலில் தீர்மானியுங்கள், குழலைப் பிறகு தேடுங்கள்: றைபிள் குழல் வாங்கப் போகிற புதியவருக்கு

வெள்ளவத்தையில் எங்கள் வீட்டுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு மூன்று பொடியன்கள் வந்து போவார்கள். இங்கே கழகத்தில் .22 றைபிளில், அதாவது ஏறத்தாழ 0.22 அங்குலத் துளையுள்ள றைபிளில், சுடப் பழகத் தொடங்கியவர்கள். ஒருவன் படிக்க மெல்பேர்ன் போய், அங்கே முறைப்படி லைசென்ஸ் எடுத்து, விடுமுறைக்கு வந்து நிற்கிறான். எட்மன்டனில் இருக்கும் என் மச்சானும் வாரத்துக்கு ஒருமுறை போன் எடுப்பான். எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "எந்தக் குழல் நல்லது?"

நான் திருப்பிக் கேட்பதும் ஒன்றுதான்: "எந்தச் சன்னம் சுடப் போகிறாய்?" சன்னம் என்பது தோட்டாவின் முனையிலிருந்து பறந்து போகும் உலோகத் துண்டு. இந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமல் குழல் தேடுவது, காலின் அளவு தெரியாமல் சப்பாத்து வாங்குவது மாதிரி. விலை உயர்ந்ததாக இருக்கலாம், பார்க்க வடிவாக இருக்கலாம், போட்டு நடக்க முடியாது. ஆகவே இந்தக் கட்டுரையும் அந்த ஒழுங்கிலேயே போகிறது: தூரம், சன்னம், முறுக்கு (குழல் சன்னத்தைச் சுழற்றும் அளவு), அதன் பிறகு நீளமும் தடிப்பும் உலோகமும்.

தொடங்குமுன் சட்டம். இலங்கையில் துவக்கு எதுவானாலும் 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டத்துக்குள் வரும். அனுமதிப்பத்திரம் வேண்டும், அதை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். குழலும் துவக்கின் ஒரு பகுதி. வெளிநாட்டில் வாங்கிப் பெட்டிக்குள் வைத்துக் கட்டுநாயக்காவில் இறங்கலாம் என்று யாரும் நினைக்க வேண்டாம். கழகத்தின் ஊடாக, பாதுகாப்பு அமைச்சின் அனுமதியோடு மட்டுமே இதைப் பற்றி யோசியுங்கள். காட்டு விலங்குகளைப் பொறுத்தவரை 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் இருக்கிறது. பொழுதுபோக்கு வேட்டைக்கு இங்கே இடமில்லை, இருக்கவும் கூடாது என்பதுதான் என் கருத்து. கீழே வேட்டைக் குழல் என்று நான் எழுதுவது கனடா, அவுஸ்திரேலியா போன்ற இடங்களில் லைசென்ஸும் பருவகால அனுமதியும் எடுத்துப் போகிற நம்மவர்களுக்காக.

முதலாவது படி: எங்கே, என்ன, எவ்வளவு தூரம்

ஒரு தாளில் மூன்று விடயங்களை எழுதுங்கள். அதிகபட்சத் தூரம் எவ்வளவு? ஒரே தடவையில் எத்தனை வெடி சுடுவீர்கள்? துவக்கைத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டுமா, அல்லது படுத்த இடத்திலேயே வைத்துச் சுடுவதா?

இந்த மூன்றும்தான் இலக்குக் குழலையும் வேட்டைக் குழலையும் பிரிக்கின்றன. சர்வதேச 300 மீட்டர் போட்டியில் இலக்கின் பத்துப் புள்ளி வட்டம் 10 செ.மீ. விட்டமுடையது. அதற்குள் தொடர்ந்து வைக்க வேண்டும். முதல் வெடிக்கும் அறுபதாவது வெடிக்கும் வித்தியாசம் இருக்கக் கூடாது. வேட்டைக்காரருக்கு முக்கியம் முதல் வெடி. காலையில் குளிர்ந்து கிடந்த குழலிலிருந்து போகிற அந்த ஒன்று எங்கே விழுகிறது என்பதுதான் கேள்வி. மானின் நெஞ்சுப் பகுதி ஏறத்தாழ 20 செ.மீ. அகலம் என்று வைத்துக்கொள்ளலாம்.

துல்லியத்தை எம்.ஓ.ஏ. என்ற கோண அளவில் சொல்வார்கள். ஒரு எம்.ஓ.ஏ. என்பது 100 மீட்டரில் ஏறத்தாழ 2.9 செ.மீ., 300 மீட்டரில் 8.7 செ.மீ. ஒன்றரை எம்.ஓ.ஏ. சுடுகிற குழல் 300 மீட்டரில் 13 செ.மீ. வட்டத்துக்குள் வைக்கும். மானுக்கு அது போதும். போட்டிக்குக் காணாது, அங்கே அரை எம்.ஓ.ஏ. பக்கத்தில் வர வேண்டும். ஒரே துவக்கில் இரண்டையும் செய்யலாம் என்று நினைத்து வாங்குகிறவர் பெரும்பாலும் மலையேறும்போது பாரத்தைத் திட்டுவார், போட்டியில் குழல் சூடாவதைத் திட்டுவார்.

கொழும்பில் தொடங்குகிறவருக்கு ஒரு வார்த்தை. முதல் இரண்டு வருடம் .22 போதும். 50 மீட்டர் இலக்கின் பத்துப் புள்ளி வட்டம் 10.4 மில்லிமீட்டர்தான், அதைத் தொடர்ந்து அடிக்கப் பழகியவருக்கு 300 மீட்டர் வேறு உலகமாகத் தெரியாது. ரியோ 2016இல் மங்கள சமரகோன் நமக்காகப் போய்ச் சுட்டது 50 மீட்டரில், .22 றைபிளில்தான். .22க்கு முறுக்கு பற்றிய குழப்பமும் இல்லை. 16 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்பதே பொதுவான அளவு.

இரண்டாவது படி: சன்னமும் முறுக்கும்

இதற்குத்தான் நேரம் எடுத்து மினக்கெட வேண்டும்.

குழலின் உட்சுவரில் சுருளாக வெட்டிய பள்ளங்கள் சன்னத்தைச் சுழற்றுகின்றன. சுழலாத சன்னம் காற்றில் நிமிர்ந்து போகாது, புரண்டு விடும். பம்பரம் மாதிரித்தான். வேகமாகச் சுற்றும்வரை நிற்கும், சுற்று குறைந்தால் தள்ளாடும். குழலுக்குள் சன்னம் ஒரு முழுச் சுற்றுச் சுற்ற எத்தனை அங்குலம் பயணிக்கிறது என்பதே முறுக்கு. 1:8 என்றால் எட்டு அங்குலத்தில் ஒரு சுற்று. 1:12 என்றால் பன்னிரண்டு அங்குலத்தில். எண் சிறிதானால் முறுக்கு இறுக்கம்.

புதியவர்கள் சன்னத்தின் நிறையைப் பார்த்து முறுக்கைத் தேடுவார்கள். உண்மையில் பார்க்க வேண்டியது நீளம். ஒரே தடிப்பில் நிறை கூடினால் நீளமும் கூடும் என்பதால் நிறையை வைத்துக் கதைக்கிறார்கள், அவ்வளவுதான். ஈயம் இல்லாத செப்புச் சன்னங்கள் வந்த பிறகு அந்தக் குறுக்குவழி ஏமாற்றுகிறது: செம்பு ஈயத்தைவிட இலேசு, ஆகவே அதே நிறைக்குச் சன்னம் நீண்டு போகும், முறுக்கும் இறுக வேண்டும்.

கணக்கு ஒன்று இருக்கிறது. அல்பிரட் கிரீன்ஹில் என்ற ஆங்கிலேயக் கணித அறிஞர் 1879இல் சொன்னது. சன்னத்தின் விட்டத்தை அங்குலத்தில் எடுத்து, அதை அதனாலேயே பெருக்கி, 150ஆல் பெருக்கி, சன்னத்தின் நீளத்தால் வகுக்க வேண்டும். வருவது முறுக்கு. வேகம் வினாடிக்கு 2800 அடிக்கு மேல் என்றால் 150க்குப் பதிலாக 180 போடலாம். .308 சன்னம், நீளம் 1.24 அங்குலம் என்று வைத்துப் பாருங்கள்: 0.308 ஐ வர்க்கமாக்கினால் 0.0949, அதை 150ஆல் பெருக்கினால் 14.2, அதை 1.24ஆல் வகுத்தால் 11.5. அதாவது 1:11 அல்லது 1:10 குழல் எடுத்தால் கவலை இல்லை. இன்றைய நீண்ட கூர்ச் சன்னங்களுக்கு மில்லர் சூத்திரம் இன்னும் பொருத்தம். சன்னத் தயாரிப்பாளர்களின் தளங்களிலேயே கணிப்பான் இருக்கிறது. அதில் வரும் நிலைப்பு எண், அதாவது சன்னம் எவ்வளவு உறுதியாக நிமிர்ந்து பறக்கும் என்று காட்டும் எண், 1.5 அல்லது அதற்கு மேல் இருக்கட்டும்.

என் மச்சானுக்கு நடந்ததைச் சொல்கிறேன். எட்மன்டனில் பழைய .223 றைபிள் ஒன்று வாங்கினான். 1:12 முறுக்கு. 55 கிரேன் சன்னத்தில் அருமையாகச் சுட்டது (கிரேன் என்பது சன்னத்தின் நிறையை அளக்கும் அலகு). யாரோ சொன்னார்கள் என்று தூரத்துக்கு 77 கிரேன் வாங்கினான். 100 மீட்டரில் தாளில் வட்ட ஓட்டை விழவில்லை. சாவித் துவாரம் மாதிரி நீண்ட ஓட்டைகள். சன்னம் பக்கவாட்டில் புரண்டு போய்த் தாளில் பட்டிருக்கிறது. அவன் ஸ்கோப்பைச் சந்தேகித்தான், தன் கையைச் சந்தேகித்தான், கடைசியில் துவக்கையே விற்கப் போனான். துவக்கில் ஒரு பிழையும் இல்லை. 77 கிரேனுக்கு 1:8 வேண்டும். அவ்வளவுதான்.

நடைமுறையில் நினைவில் வைக்க வேண்டியவை இவை. .223இல் 55 கிரேன் வரை 1:12 சமாளிக்கும், 69 கிரேனுக்கு 1:9, 77க்கு 1:8, 80க்கு மேல் 1:7. .308இல் 168, 175 கிரேன்களுக்கு 1:11 அல்லது 1:10. 6.5 கிரீட்மோர் என்ற தோட்டாவில் 140 கிரேன் பக்கத்துச் சன்னங்களுக்கு 1:8. இந்த 6.5 கிரீட்மோரை ஹோர்னடி நிறுவனம் 2007இல் கொண்டு வந்தபோது நீண்ட சன்னங்களை மனதில் வைத்தே வடிவமைத்தார்கள். அதனால்தான் கடையில் வாங்கும் சாதாரணத் துவக்கிலும் சரியான முறுக்கு கிடைக்கிறது. புதியவர்களுக்கு நான் அதைச் சொல்வதற்குக் காரணமும் அதுதான்.

காற்றையும் கவனியுங்கள். குளிர்ந்த காற்று அடர்த்தி கூடியது. கடல் மட்டத்தில் 30 பாகை வெப்பத்தில் இருக்கும் காற்றைவிட, கழித்தல் 20 பாகையில் இருக்கும் காற்று ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு கூடுதல் அடர்த்தி. அடர்த்தி கூடினால் சன்னத்தின் நிலைப்பு குறையும். நம் வெயிலில் மயிரிழையில் நின்று சுடுகிற முறுக்கு, கனடாவின் நொவெம்பரில் தள்ளாடலாம். குளிர் நாட்டில் வேட்டைக்குப் போகிறவர் கணக்கை அந்தக் குளிருக்கே போட வேண்டும்.

முறுக்குக் கூடிப் போனால் கெடுதியா என்று கேட்பார்கள். வினாடிக்கு 2700 அடி வேகத்தில் 1:8 குழலை விட்டு வெளியேறும் சன்னம் நிமிடத்துக்கு 2,43,000 சுற்று என்ற வேகத்தில் சுழல்கிறது. மெல்லிய செப்புத் தோல் போர்த்த இலேசான சன்னங்கள் அந்த வேகத்தில் சிதறக் கூடும். மற்றபடி, நல்ல சன்னத்துக்குக் கொஞ்சம் கூடிய முறுக்கு கெடுதியில்லை. இரண்டுக்கும் நடுவில் தடுமாறினால் இறுக்கமானதை எடுங்கள்.

சன்னத்தைத் தெரியும்போது தூரத்தையும் சேர்த்துப் பாருங்கள். .308இல் புகழ்பெற்ற 168 கிரேன் சியரா மட்ச்கிங் 300 மீட்டர் போட்டிக்காக உருவானது. அந்தத் தூரத்தில் அற்புதம். 1000 யார், அதாவது 914 மீட்டர், போகும்போது அதன் வேகம் ஒலியின் வேகத்தை நெருங்கி இறங்கும் இடத்தில் தடுமாறுகிறது. அதே தயாரிப்பில் 175 கிரேன் அந்த இடத்தைச் சமாளிக்கிறது.

மூன்றாவது படி: நீளம்

நீண்ட குழல் துல்லியமானது என்பது பலர் நம்பும் பிழை. நீளம் தருவது வேகம். மருந்து எரிந்து வரும் வாயு சன்னத்தைத் தள்ள இன்னும் கொஞ்சம் நேரம் கிடைக்கிறது. .308இல் ஒரு அங்குலத்துக்கு வினாடிக்கு 20 முதல் 25 அடி என்று கணக்கு வைக்கலாம். 26 அங்குலத்தை 22 ஆக்கினால் 80 முதல் 100 அடி குறையும். 300 மீட்டர் வேட்டையில் அதை உணரவே மாட்டீர்கள். 900 மீட்டரில் உணர்வீர்கள்.

ஆகவே வேட்டைக்கு 20 முதல் 24 அங்குலம். மருந்து அதிகம் எரிக்கும் மக்னம் தோட்டாக்களுக்கு 24 முதல் 26. தூர இலக்குக்கு 26 முதல் 30. .22க்கு வேகத்துக்காக நீளம் தேட வேண்டியதில்லை, 16 முதல் 18 அங்குலத்திலேயே மருந்தின் வேலை முடிந்து விடும்.

நான்காவது படி: தடிப்பு

குழலின் விறைப்பு அதன் விட்டத்தின் நான்காம் அடுக்கோடு கூடுகிறது. 0.65 அங்குலத் தண்டை 0.90 ஆக்கினால் விறைப்பு ஏறத்தாழ மூன்றேமுக்கால் மடங்கு. நீளம் குறைந்தாலும் விறைப்பு கூடும்: 26ஐ 22 ஆக்கினால் ஒன்றரை மடங்குக்கு மேல். அதனால்தான் குட்டையான தடித்த குழல்கள் இவ்வளவு நன்றாகச் சுடுகின்றன.

விறைப்பைவிடப் புதியவருக்கு உடனே தெரிவது சூடு. மெல்லிய வேட்டைக் குழல் நான்கைந்து வெடியிலேயே தொட முடியாமல் சூடாகும், பிறகு வெடிகள் ஒரு பக்கம் நகரத் தொடங்கும். தடித்த குழல் இருபது வெடிக்கும் அமைதியாக இருக்கும். அதற்குக் கொடுக்கும் விலை பாரம். 22 அங்குல மெல்லிய குழல் 1.3 கிலோ பக்கம், 26 அங்குலத் தடித்த குழல் இரண்டரைக் கிலோவுக்கும் மேலே. தூர இலக்கைப் படுத்துச் சுடும் எப்-கிளாஸ் போட்டியில் .223, .308 மட்டும் அனுமதிக்கும் எப்-டி.ஆர். பிரிவில் கால்தாங்கியோடு மொத்த நிறை 8.25 கிலோவைத் தாண்டக் கூடாது. அந்தப் போட்டிக்குத் தயாராகிறவர் குழலின் நிறையை முதலே கூட்டிப் பார்க்க வேண்டும். எல்லாம் வாங்கிய பிறகு தராசில் வைத்துக் கவலைப்படுவதில் பலனில்லை.

வெளிப்புறத்தில் நீளவாக்கில் பள்ளம் வெட்டிய குழல்கள் இருக்கின்றன. அதே விட்டமுள்ள முழுக் குழலைவிட அவை இலேசு, ஆனால் விறைப்பும் கொஞ்சம் குறைவு. மெல்லிய எஃகுக் குழலின்மேல் காபன் நார் சுற்றியவையும் வந்து விட்டன. மலையில் நடப்பவருக்கு நல்ல பொருள். படுத்துச் சுடுகிறவர் அந்தக் காசைத் தோட்டாவுக்குச் செலவழிக்கட்டும்.

ஐந்தாவது படி: உலோகம், அதிலும் கொழும்பில்

இரண்டு வகை எஃகு. 4140 போன்ற குரோம்-மொலிப்டினம் எஃகு ஒன்று. 416 வகைத் துருப்பிடிக்காத எஃகு மற்றது. இலக்குக் குழல்களில் பெரும்பாலானவை 416. வெட்டும்போது வழுவழுப்பாக வருகிறது, தோட்டா அறைக்கு முன்னாலுள்ள தொண்டைப் பகுதியின் தேய்மானத்தையும் நன்றாகத் தாங்குகிறது. குளிர்ப் பிரதேசத்துக்கு மெல்லிய குழல் எடுப்பவர் மட்டும், கடுங்குளிரில் அந்த உலோகம் பற்றித் தயாரிப்பாளரிடம் ஒரு சொல் கேட்டுக்கொள்ளுங்கள்.

துருப்பிடிக்காத என்ற பெயரை நம்பி இருந்து விடாதீர்கள். சமையலறைப் பாத்திரத்தின் எஃகு வேறு, இது வேறு. வெட்டுவதற்கு இலகுவாக 416இல் கந்தகம் சேர்ப்பார்கள், குரோமியமும் குறைவு. ஆகவே கறள் பிடிக்கும், மெதுவாகப் பிடிக்கும் அவ்வளவுதான். நம் ஊரில் கடற்காற்றும் உப்பும் ஈரப்பதனும் சேர்ந்து வேலை செய்கின்றன. ஒரு மாரிகாலத்தில் நான் பொறுப்பெடுத்த றைபிளை மழைக்குப் பிறகு துடைத்து, எண்ணெய் போட்டு, பஞ்சு வைத்த பெட்டியிலேயே மூடி வைத்து விட்டேன். மூன்று வாரம் கழித்துத் திறந்தபோது பஞ்சு பட்ட இடமெல்லாம் செம்புள்ளி. வாய் விளிம்பிலும் இரண்டு. பஞ்சு ஈரத்தைக் குடித்து வைத்திருந்து இரும்புக்குக் கொடுத்திருக்கிறது. சன்னம் கடைசியாகத் தொட்டுவிட்டுப் போகும் இடம் வாய் விளிம்பு; அங்கே ஒரு பக்கம் சிறு பள்ளம் விழுந்தாலும் வாயு ஒரு பக்கமாக வெளியேறிச் சன்னத்தைச் சாய்த்து விடும். அந்தக் குழலின் விளிம்பைத் திரும்ப வெட்டிச் சரி செய்ய வேண்டி வந்தது.

கரையோரத்தில் இருப்பவருக்கு என் தெரிவு எப்போதும் துருப்பிடிக்காத எஃகுதான்.

பள்ளம் வெட்டிய முறை

ஒற்றை வெட்டுக் கருவியால் சுருண்டு சுருண்டு வெட்டுவது ஒன்று, பொத்தான் என்ற கடினமான உலோகக் கருவியை இழுத்து அல்லது தள்ளி அழுத்துவது ஒன்று, வெளியிலிருந்து சுத்தியலால் அடித்து வடிப்பது ஒன்று. மூன்றிலும் அருமையான குழல்கள் உண்டு. தயாரிப்பாளர்களில் கிரீகர் வெட்டுகிறது, ஷைலன் பொத்தான் முறை, ரிக்கா சுத்தியல் முறை. தயாரிப்பாளரின் கவனம் முறையைவிடப் பெரியது. இதில் நேரத்தைச் செலவழிக்க வேண்டாம்.

ஆறாவது படி: பொருத்துவதும் சோதிப்பதும்

குழலைத் துவக்கில் பொருத்துவது தகுதி பெற்ற, அனுமதியுள்ள துவக்குத் திருத்துநரின் வேலை. தோட்டா இருக்கும் அறைக்கும், அதைப் பின்னாலிருந்து மூடும் போல்ட்டின் முகத்துக்கும் நடுவிலுள்ள இடைவெளி ஆயிரத்தில் சில அங்குலம் பிழைத்தாலும் ஆபத்து. அதை அளவுக்கட்டையால் பார்த்து உறுதி செய்த பிறகே சுட வேண்டும். அவரிடம் போகும்போது உங்கள் தாளில் தோட்டாவின் பெயர், சன்னத்தின் நிறையும் நீளமும், முறுக்கு, நீளம், தடிப்பு இருக்கட்டும். அந்தத் தாளைக் கண்டதும் அவர் உங்களோடு கதைக்கும் விதமே மாறும்.

வீட்டில் நீங்களே பார்க்கக் கூடியது ஒன்று. துவக்கு வெறுமையாக இருப்பதை இரண்டு தடவை கண்ணால் பார்த்துவிட்டு, ஒரு நூறு ரூபாய்த் தாளைக் குழலுக்கும் அதைத் தாங்கும் துவக்குக் கட்டைக்கும் நடுவில் விட்டுப் பின்னுக்கு இழுங்கள். தடையில்லாமல் அறை வரைக்கும் போக வேண்டும். எங்காவது சிக்கினால் கட்டை குழலைத் தொடுகிறது. சூடானதும் வெடி நகரும். ஈரத்துக்கு ஊதும் மரக்கட்டை உள்ளவர்கள் மழைக்காலத்திலும் ஒருமுறை பாருங்கள்.

சுட்டுப் பார்க்கும்போது மூன்று வெடிக் கூட்டத்தை நம்பாதீர்கள். மூன்று ஒன்றாக விழுவது தற்செயலாகவும் நடக்கும். பத்து சுடுங்கள். வேட்டைக் குழல் என்றால் ஒரு நாளைக்கு ஒரே ஒரு குளிர் வெடி, ஒரே தாளில், பத்து நாள். அந்தத் தாள் சொல்வதை வேறு எதுவும் சொல்லாது.

ஆயுள்

குழல் தேயும் பொருள். முதலில் தேய்வது அறைக்கு முன்னாலுள்ள தொண்டை. சிறிய துளையில் நிறைய மருந்து எரிக்கும் தோட்டாக்கள் அதை விரைவில் தின்னும். .308 ஐயாயிரம் வெடிக்கும் போகும். 6.5 கிரீட்மோர் போட்டித் தரத்தில் இரண்டாயிரம் முதல் மூவாயிரம். .300 வின்செஸ்டர் மக்னம் அதற்கும் குறைவு. குழல் வாங்கிய நாளிலிருந்து ஒரு கொப்பியில் எண்ணிக்கை எழுதுங்கள். திடீரென்று கூட்டம் விரியும்போது காரணத்தைத் தேட அந்த எண் வேண்டும்.

சுத்தம் செய்யும் கம்பி ஒரே துண்டாக, மேலே பூச்சுப் போட்டதாக இருக்கட்டும். முடிந்தவரை பின்பக்கமிருந்து, வழிகாட்டிக் குழாய் வைத்து உள்ளே விடுங்கள். வாய்ப் பக்கமிருந்து விட்டால் கம்பியே விளிம்பை அரைத்து விடும். செம்பைக் கரைக்கும் திரவத்தை அதன் போத்தலில் சொன்ன நேரத்துக்கு மேல் விடாதீர்கள். கடைசியில் மெல்லிய எண்ணெய்த் துணி ஒன்று. அடுத்த முறை சுடுமுன் உலர்ந்த துணியால் அந்த எண்ணெயை எடுத்து விட வேண்டும்.

பிறகு, பஞ்சுப் பெட்டி பயணத்துக்கு மட்டும். வீட்டுக்கோ கழகத்துக்கோ வந்ததும் வெளியே எடுத்து, துடைத்து, பூட்டிய இரும்பு அலுமாரியில் வாய் கீழே பார்க்க, சிலிக்கா ஜெல் பக்கத்தில் வைத்து நிறுத்துங்கள். நிறம் மாறியதும் சிலிக்கா ஜெல்லை உலர்த்தித் திரும்ப வையுங்கள். கொழும்பில் மழை மாதங்களில் நான் கிழமைக்கு ஒருமுறை பார்க்கிறேன்.